அடுப்பும் பலகையும்

அடுப்புக்குச் சாதி தெரியாது. விறகு எரிந்தால் வேகவைக்கும்; நீர் கொதித்தால் அரிசி மலரும்; மாவு புளித்தால் இட்டலி பூக்கும். கிண்டுகின்ற கை எந்தக் குலத்தின் கை என்று சட்டி கேட்டதில்லை, அகப்பை கேட்டதில்லை. கேட்டவன் மனிதன்! கேட்டதோடு நின்றானா? கேட்டதைப் பலகையில் எழுதிக் கடையின் வாசலில் மாட்டினான். அந்தப் பலகை ஏறிய கதையையும், அது இறக்கப்பட்ட கதையையும், இறங்கிய பலகை வேறு வேடம் புனைந்து மீண்டும் ஏற முயலும் கதையையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

மாலை நேரத்தில் மயிலைக் குளக்கரையிலும், தியாகராயநகர்ப் பாண்டி பசாரின் ஓரங்களிலும், அடையாற்றுத் தெருமுனைகளிலும் நடந்து பாருங்கள். தோசைக்கல்லின் முன் நிற்கிறான் ஓர் இளைஞன். வண்டியில் சுண்டலும் பச்சியும் வைத்து விற்கிறாள் ஓர் இளநங்கை. வீட்டிலேயே சமைத்து, தொலைபேசி வழியே கேட்போருக்கு மதிய உணவு அனுப்பி வாழ்வோரும் உண்டு. இருபது வயது, இருபத்தைந்து வயது. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே, கணக்கரும் அவரே! பரம்பரைச் சொத்தில்லாத பிள்ளைக்கு, கையில் உள்ள பக்குவமே முதலாக அமையும் தொழில் இது.

நூறாண்டுகளுக்கு முன்னர் இதே இளைஞன், இதே கைப்பக்குவத்தோடு, இதே தெருவில் அடுப்பு மூட்டியிருந்தால் எத்தனை பேர் வாங்கி உண்டிருப்பர்? மன்னர் வென்ற போர்களையும் மாண்ட ஆண்டுகளையும் மனப்பாடம் செய்விக்கும் பாடநூல்கள் இக்கேள்வியை எழுப்புவதில்லை. நாமாவது எழுப்புவோம்.

பழைய சமுதாயம் உணவுக்கு ஒரு விதி வகுத்திருந்தது. நெல்லை எவரிடமும் வாங்கலாம்; காயையும் கனியையும் எவரிடமும் வாங்கலாம். நீரும் நெருப்பும் பட்டு அது சோறாகிவிட்டால் மட்டும், ‘மேல்’ எனப்பட்டவன் ‘கீழ்’ எனப்பட்டவன் கையால் வாங்கலாகாது! உழுதவன் கை பட்ட நெல் தீட்டாகவில்லை. உழுதவன் கை பட்ட சோறு தீட்டாயிற்று! என்னே விந்தை!

இதனை வெறும் சமயப் பழக்கம் என்று எண்ணிவிடுவோர் அதனுள் பொதிந்திருந்த வணிகக் கணக்கைக் காண்பதில்லை. ஏணியின் உச்சியில் நிற்பவன் சமைத்ததை எல்லாரும் வாங்கலாம். அடியில் நிற்பவன் சமைத்ததை அவன் சேரியார் மட்டுமே வாங்குவர். ஆகவே, உச்சியில் இருந்த சமையற்காரனுக்கு ஊர் முழுவதும் சந்தை. அடியில் இருந்தவனுக்கு அவன் தெருவே சந்தை, அத்தெருவிலோ காசில்லை! இருவர் கையிலும் ஒரே பக்குவம் இருந்தாலும் ஒருவன் கடை வளரும். மற்றவன் கடை பிறக்கவே பிறக்காது. கைத்திறன் தோற்று, பிறப்பு வென்ற இடம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை வளர்ந்தது. உயர்நீதிமன்றம், கல்லூரிகள், வணிக நிலையங்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் பெருகின. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் இளைஞர் வந்து குவிந்தனர். வீட்டை விட்டு வந்தவனுக்கு வேளைச் சோறு வேண்டுமல்லவா? காப்பிக் கிளப்புகளும் சாப்பாட்டு விடுதிகளும் தோன்றின. அவற்றுள் பலவற்றின் நெற்றியில் ‘பிராமணாள்’ என்ற சொல் பொறிக்கப்பட்டது. உள்ளேயும் பிரிவினை, பார்ப்பனர் உண்ண ஓரிடம், மற்றவர் உண்ண வேறிடம். தாழ்த்தப்பட்டோருக்கோ பெரும்பாலும் வாசற்படியே எல்லை! ஒரே அடுப்பில் வெந்தது. ஒரே அண்டாவிலிருந்து வந்தது. ஒரே காசு கொடுத்து வாங்கப்பட்டது. உட்காரும் இடம் மட்டும் இரண்டு!

மற்றவர் சமைத்து விற்கவே இல்லையோ? விற்றனர். இசுலாமியர் கடைகள் இருந்தன, புலால் உணவு தரும் ‘மிலிட்டரி ஓட்டல்’கள் இருந்தன, தெருவோரத்தில் ஆப்பமும் இட்டலியும் விற்ற தாய்மார் இருந்தனர். ஆயினும் ‘சுத்தம்’ என்ற சொல்லும் ‘மதிப்பு’ என்ற சொல்லும் அவர்கள் வாசலை எட்டிப் பார்க்கவில்லை. அவை பலகை மாட்டியவர்களின் தனியுடைமையாக இருந்தன.

சென்னை உணவுத்தொழிலின் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் ஓர் இளைஞரின் கதையை இங்கே நினைவுகூர்வோம். தென்கன்னட மாவட்டத்தில் 1898ஆம் ஆண்டு பிறந்தவர் கிருஷ்ணராவ். வறுமை விரட்ட, இளமையிலேயே மடத்துச் சமையற்கட்டில் மாவாட்டும் வேலை செய்தார். 1920களில் சென்னைக்கு வந்தார். எடுபிடியாகத் தொடங்கி, ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சிறு உணவுக்கடையை ஏற்று நடத்தினார். பின்னர் மவுண்ட்ரோடு, 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ், 1952இல் மயிலையில், இன்று இராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் நியூ உட்லண்ட்ஸ், 1962இல் கதீட்ரல் சாலையில், காரில் அமர்ந்தபடியே உண்ணும் ‘டிரைவ்-இன்’. அந்த டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010ஆம் ஆண்டு முதல் செம்மொழிப் பூங்கா பொலிகிறது.

உழைப்பால் உயர்ந்த அந்த மனிதரின் உழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. மாவாட்டிய கை மாளிகை கட்டியது மெய்யே, போற்றத்தக்கதே. ஆனால் வரலாற்று மாணவன் மேலும் ஒன்று கேட்கவேண்டும். அதே 1898இல், அதே வறுமையில், அதே அறிவோடு, சேரியில் பிறந்த பிள்ளை ஒருவன் இருந்திருப்பானன்றோ? அவனை மடத்துச் சமையற்கட்டு மாவாட்ட அழைத்திருக்குமா? ஆச்சாரப்பன் தெருக் கடையை அவனிடம் ஒப்படைத்திருப்பார்களா? ஒப்படைத்தாலும் உண்ண எவர் வந்திருப்பர்? வறுமை இருவருக்கும் பொது. வாயில் மட்டும் ஒருவனுக்கே திறந்திருந்தது. வென்றவன் வாழ்க்கையை நூலாக எழுதுகிறோம். நுழையவே விடப்படாதவனுக்கு வரலாற்றில் ஒரு வரியும் இல்லை!

இந்தப் பூட்டை உடைக்கும் போர் முதலில் பந்தியில்தான் மூண்டது. நெல்லைச் சீமையில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. 1924இலும் 1925இலும் தமிழகத்தையே கலக்கிய கிளர்ச்சிக்கு அது வித்திட்டது. தொடர்வண்டி நிலைய உணவுச்சாலைகளில் நிலவிய தனியிடப் பழக்கம், பெரியாரும் தோழர்களும் எழுப்பிய எதிர்ப்பால் 1941இல் ஒழிந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், தன் 15ஆம் பிரிவில், கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுத்தலாகாது என்று விதித்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், தடுப்போர்க்குத் தண்டனையும் வகுத்தது.

எனினும் பலகை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. “எல்லாரும் உள்ளே வரலாம், ஆனால் இது பிராமணாள் கடை” என்று அது பல்லிளித்தது. 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து அச்சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். நாள்தோறும் தொண்டர் சென்றனர், நாள்தோறும் தளைப்படுத்தப்பட்டனர், திங்கள் பல உருண்டன. 1958இல் அச்சொல் பலகையை விட்டு இறங்கியது.

“ஒரு சொல்லுக்காகவா இத்தனை பேர் சிறை புகுந்தனர்?” என்று அன்று கேலி பேசினோர் உண்டு. அந்தச் சொல் சோற்றின் சுவையைச் சொல்லவில்லை, கடையின் தூய்மையைச் சொல்லவில்லை, விலையைச் சொல்லவில்லை. சமைத்தவன் பிறப்பைச் சொல்லிற்று! ‘இக்கை உயர்ந்தது’ என்று ஒரு பலகை கூறினால், பலகையில்லாத மற்றக் கைகளெல்லாம் தாழ்ந்தவை என்று கூறியதாகாதா? தெருவோரத்தில் ஆப்பம் சுட்ட அந்தத் தாயின் முகத்தில் அறைந்த சொல் அது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். உண்ணும் உரிமை வேறு. உண்பிக்கும் உரிமை வேறு. உண்ணும் உரிமையைச் சட்டம் தரலாம், கதவைத் திற என்று ஆணையிடலாம், தடுப்பவனைத் தண்டிக்கலாம். உண்பிக்கும் உரிமையைச் சட்டம் மட்டும் தந்துவிட முடியாது. “இவள் கடையில் வாங்கி உண்” என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்க இயலாது. அது மக்கள் மனத்திலிருந்து, அவர்தம் நாவின் வழியே வரவேண்டிய உரிமை. ஆகவேதான் அது கடைசியாக வருகிறது. இன்னும் முழுவதும் வந்து சேரவுமில்லை.

வந்த வரையில் அது எவ்வாறு வந்தது? அந்தத் திருவல்லிக்கேணியிலிருந்து கடலை நோக்கி நடந்தால் மெரினா. அங்கே, அண்ணா சதுக்கத்தின் அருகே, 1982ஆம் ஆண்டில் ஒரு வண்டிக்கடை முளைத்தது. அதனை நடத்தியவர் பாட்ரிசியா நாராயணன்; சாந்தோமைச் சேர்ந்த குடும்பத்துப் பெண்; இரு குழந்தைகளின் இளந்தாய்; இல்வாழ்க்கை இடிந்த நிலையில், தாமே சம்பாதித்தாக வேண்டியவர். முதலில் வீட்டிலேயே ஊறுகாயும் பழக்கூழும் செய்து விற்றார். பின்னர், உடற்குறையுள்ளோர் இருவரைப் பணியில் அமர்த்தவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு வண்டி கிடைத்தது. கடற்கரையில் அதை நிறுத்த இசைவு பெறுவதற்கே ஏறத்தாழ ஓராண்டு அலைந்தார்.

முதல் நாள் விற்பனை என்ன தெரியுமா? ஒரே ஒரு குவளைக் காப்பி! விலை 50 காசு! அழுதுகொண்டே வீடு திரும்பினார். “ஒரு குவளையாவது விற்றதே, நாளை இன்னும் விற்கும்” என்று தேற்றினார் தாயார். மறுநாள் விற்பனை அறுநூறு ரூபாயைத் தாண்டியது. காப்பியோடு சமோசா, கட்லெட், பழச்சாறு எனப் பெருகியது கடை. குடிசை மாற்று வாரிய அலுவலகச் சிற்றுண்டிச்சாலை, தேசியத் துறைமுக மேலாண்மை நிறுவனத்து மாணவர் உணவு என்று படிப்படியாக உயர்ந்தார். 2010இல், ‘பிக்கி’ எனப்படும் இந்திய வணிகத் தொழில் கூட்டமைப்பு அவரைச் சிறந்த தொழில்முனைவராகப் பாராட்டியது.

கடற்கரையில் காப்பி வாங்கிய எவரும் “அம்மா, நீ என்ன குலம்?” என்று கேட்டுக் குடிக்கவில்லை. சூடு இருக்கிறதா, சுவை இருக்கிறதா, குவளை கழுவப்பட்டதா என்று பார்த்தனர், குடித்தனர். பலகையில்லாத கடை அது. 1958இல் ஒரு பலகையிலிருந்து ஒரு சொல் இறங்கியதற்கும், 1982இல் அருகிலுள்ள மணற்பரப்பில் பலகையில்லாத கடை ஒன்று எழுந்ததற்கும் இடையே உறவில்லை என்று எவரேனும் கூறட்டும், நாம் ஏற்கோம்.

இன்னொன்றும் நோக்குக. வீட்டில் சமைப்பது பெண்ணின் கடமை என்றார்கள், அதற்குக் கூலியில்லை. கடையில் சமைப்பது ஆணின் தொழில் என்றார்கள். அதற்குக் கூலி உண்டு! பெரிய ஓட்டல்களின் அடுக்களைகளில் நெடுங்காலம் ஆடவரே நின்றனர். அடுப்பங்கரையிலேயே அடைத்து வைக்கப்பட்டவள், அந்த அடுப்பையே தெருவுக்குக் கொண்டுவந்து தன் பெயரில் காசு ஈட்டியபோது, பூட்டு ஒன்றல்ல, இரண்டு உடைந்தன.

தென்சென்னையின் எல்லையில் உள்ள மடிப்பாக்கத்தில் ஒரு தாய் இருந்தார். சத்துணவுக் கூடத்தில் மாதம் 30 ரூபாய்க்கு வேலை. விடியற்காலையில் இட்டலி வியாபாரம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகுமுன் இட்டலி விற்றுவிட்டுப் போயினர். அவர்களுள் ஒருவரே சரத்பாபு. பிலானியில் பொறியியலும், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் நிருவாகவியலும் கற்றார். பெருநிறுவனங்கள் தரும் ஊதியத்தை நாடாது, 2006இல் ‘புட்கிங்’ என்னும் உணவு வழங்கும் தொழிலைத் தொடங்கினார். 2009இல் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் தனித்து நின்றார், வெல்லவில்லை. ஆனால், இட்டலி விற்ற தாயின் பிள்ளை எழுந்து நின்று, “பிறருக்கு வேலை தருவேன், வாக்கும் கேட்பேன்” என்று சொல்லும் காலம் வந்ததே, அது வெற்றியன்றோ?

இவ்வரிசையைக் காட்டி, “இனி என்ன குறை? ஆளுக்கொரு அடுப்பு மூட்டினால் நாடு செழிக்கும்” என்று கூறி, வேலை கேட்கும் பட்டதாரியைத் தட்டிக்கழிப்போர் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். அடுப்பு மூட்டியவனைச் சுட இன்னும் பல நெருப்புகள் உண்டு. துணிக்கடைக்காரனின் துணி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும்; இட்டலிக்காரியின் இட்டலி இரவு பத்து மணிக்கு மேல் குப்பைக்குப் போகும். ஒருநாள் மழை, ஒரு வாரக் கூலியைக் கரைத்துவிடும்.

அந்த நேரத்தில் வந்து நிற்பான் தண்டல்காரன். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்பே கழித்து எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிப்பான். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று ஏமாறவேண்டா. முதல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. நம் மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டும்! வியர்வை ஒருவனுடையது, இலாபம் வேறொருவனுடையது.

சட்டம் சில கேடயங்களைத் தந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கப்படும் வரை எவரையும் அகற்றலாகாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் வணிகருக்கே என்றும், அதில் மூன்றிலொரு பங்கு பெண்டிருக்கு என்றும் கூறுகிறது. பிணையின்றி, தொடக்கத்தில் முதற்கடனாகப் பத்தாயிரம் ரூபாய் தந்த நடுவணரசின் திட்டம் 2020இல் வந்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், சிறு கடையையும் வீட்டு அடுக்களையையும் பதிவு செய்யச் சொல்லுகிறது. பதிவு என்றதும் அஞ்சி ஓடவேண்டா, இளைஞரே! அந்தச் சட்டம் தேடுவது கைத்தூய்மை, குலத்தூய்மையை அன்று. பழைய பலகைக்கு நேர் எதிரான பலகை அது. கண்ணில் படும்படி மாட்டுங்கள்!

ஆனால், தோழர்களே, இறங்கிய பலகை உறங்கவில்லை. 2012இல் திருவரங்கத்தில் ‘பிராமணாள்’ என்ற சொல்லோடு மீண்டும் ஓர் உணவுக்கடை கிளம்பியது. மீண்டும் கிளர்ச்சி நடத்த நேர்ந்தது. இன்று பொடிப் பொட்டலத்தின் மேலும், ஊறுகாய்ப் புட்டியின் மேலும், தொலைபேசித் திரையில் வரும் விளம்பரத்தின் மேலும் சாதிப் பெயர் சுவையின் பெயராக நடிக்கிறது. ஒரு சாதியார் மட்டுமன்று. பலரும் தத்தம் சாதிப் பட்டத்தைக் குழம்புக்கும் வறுவலுக்கும் சூட்டி மகிழ்கின்றனர். இளைஞர் சிலர் இதில் குற்றம் காண்பதில்லை. “விற்பனைக்கு ஒரு பெயர்தானே” என்கின்றனர். பெயர்தான்! 1957இலும் அது பெயராகத்தான் இருந்தது.

பெயர் என்ன செய்யும் என்பதற்கு, பள்ளி ஆசிரியரான நமக்குப் பள்ளி அடுக்களையே சான்று. இத்தமிழகத்திலேதான், 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சியின் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி தரப்பட்டது. அந்தப் பெருமைக்குரிய நாட்டில், 2018இல் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்துப் பள்ளியில், சமைப்பவர் தாழ்த்தப்பட்டவர் என்பதால் பெற்றோர் சிலர் எதிர்த்தெழுந்தனர். 2023இல் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், அதே காரணத்தால் குழந்தைகள் காலை உணவைத் தொடவில்லை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் சென்று உடன் அமர்ந்து உண்ண நேர்ந்தது. குழந்தையின் நாவுக்குச் சாதி தெரியுமா? வீட்டில் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்ததை மறக்கச் செய்ய எத்தனை பாடவேளை வேண்டும் என்பதை, கரும்பலகையின் முன் நிற்கும் நாம் அறிவோம்.

அரசு சம்பளம் பெறும் சமையலருக்கே இந்நிலை என்றால், அன்றாடம் விற்றால்தான் அன்றாடம் உண்ணலாம் என்ற நிலையில் கடைபோடும் இளைஞனின் கதி என்ன? அவனுக்காக அமைச்சர் வரமாட்டார். வாங்குவோர் தயங்கினால் கடை ஓசையின்றிச் சாகும். வழக்கில்லை, சாட்சியில்லை, செய்தியுமில்லை!

ஆகவே இருசாரார்க்கும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. அடுப்பு மூட்டும் இளைஞரே! உம் பண்டத்தின் பெயரை எழுதுக, ஊரின் பெயரை எழுதுக, விலையை எழுதுக, விரும்பினால் உம் தாயின் பெயரை எழுதுக. சாதியின் பெயரை எழுதாதீர். அந்தச் சொல்லை இறக்கச் சிறை சென்றோர் பலர். அவர்கள் உமக்காகவே சென்றனர். வாங்கி உண்போரே! சுவை பாருங்கள், தூய்மை பாருங்கள், அளவு பாருங்கள், குறையிருந்தால் கண்டியுங்கள். பிறப்பைப் பாராதீர். நீங்கள் நீட்டும் பத்து ரூபாயில் ஓர் இளைஞனின் அன்றைய வாழ்வு இருக்கிறது. நூறாண்டுப் போரின் தீர்ப்பும் இருக்கிறது.

உண்ணும் உரிமையை நம் முன்னோர் வென்று தந்தனர். உண்பிக்கும் உரிமையை வழங்கவேண்டிய நீதிமன்றம் நம் நாக்கு. நல்ல தீர்ப்பு வழங்குவோம்!